கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இல்லை

மருமகளுக்கு,

உன் மாமனார் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை. முந்தாநாள் நீ உன் புருஷனிடம் போனில் அழுதது சமையலறை வரை கேட்டது. நானும் போனை வாங்கிப் பேசியிருக்கலாம். பேசினால் சத்தம் போடுவேன். சத்தம் போட்டால் நீ "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்பாய், ஒன்றும் உள்ளே போகாது. அதனால்தான் கடிதம்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி வாயைத் திறந்து காட்டுகிறாள். உன் அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. உன் புருஷன் சமைக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருப்பான், நம்பாதே. ஒரு நாள் உப்புக் கரிக்கிறது, மறுநாள் உப்பையே காணோம். ஆனால் யாரும் பட்டினி இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். படிப்பு முடிய நாலு மாதம் இருக்கும்போது, சனிக்கிழமை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாயாம். நீ ஆசிரியர் பயிற்சிக்குப் போகக் கூடாது என்று இந்த வீட்டில் சொன்னவன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூடம் போகிற குழந்தையை விட்டுவிட்டுத் தாய்க்கு என்ன பள்ளிக்கூடம் என்று கேட்டேன். கேட்டதை இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை. ஆகவே நீ திரும்பி வந்தால் சந்தோஷப்பட வேண்டியவன் நான். சந்தோஷம் வரவில்லை. காரணத்தை ஒரு தடவைதான் எழுதுவேன்.

போன விடுமுறையில் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை என் முன்னால் வைத்து, "மாமா, இந்தப் பக்கத்தைச் சத்தமாப் படிங்க, மனசுல என்ன ஓடுதோ அதையும் சொல்லுங்க, காலேஜ்ல கேட்டிருக்காங்க" என்றாய். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் பிரித்து நானே வாசிக்கப் பழகியவன். ஒரு இடத்திலும் தடுக்காமல் படித்தேன். முடித்ததும் நீ சொன்னாய்: "நல்லாப் படிச்சீங்க மாமா. ஆனா படத்தை ஒரு தடவைகூடப் பார்க்கலை."

பாடத்துக்குப் பாடம் வாசிக்கிற விதம் வேறாம். கணக்கு என்றால் கடைசி வரியில் என்ன கேட்கிறான் என்று பார்த்துவிட்டு மேலே போக வேண்டுமாம். வரலாறு என்றால் எழுதியவன் யார், எந்தக் காலத்தவன் என்று பார்க்க வேண்டுமாம். அறிவியல் என்றால் ஒரு விரல் வரியில், ஒரு விரல் படத்தில். "சோறு திங்க ஒரு வாய், தண்ணி குடிக்க ஒரு வாயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

நீ காலேஜுக்குத் திரும்பிப் போன பிறகு, என் பதிலையும் குறித்து வைத்திருந்த பழைய பாய்லர் லைசென்ஸ் கேள்வித்தாளை எடுத்தேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தோற்றேன். தேர்வு அதிகாரி வேண்டுமென்றே தோற்கடித்தான் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். நீ இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே கேட்டிருப்பாய். ஆலையில் பாய்லர் முன்னால் வெந்தவன் நான், லைசென்ஸ் வைத்திருந்தவன் நாற்காலியில் இருந்தான்.

கேள்வி இதுதான்: பாய்லர் ஓடுகிறது, நீர்மட்டம் படத்தில் உள்ளபடி இருக்கிறது, என்ன செய்வீர்? தண்ணீர் விடுவேன் என்று எழுதியிருந்தேன். நீ சொன்னபடி ஒரு விரலைப் படத்தில் வைத்தேன். நீர்மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய் காலி. ஒரு சொட்டு இல்லை. அந்த நிலையில் தண்ணீர் விட்டால் பாய்லர் வெடிக்கும். முதலில் தீயை அணைக்க வேண்டும். எனக்குத் தெரியாதா? இரண்டு தடவை இந்தக் கையாலேயே அணைத்திருக்கிறேன். தாளில் மட்டும் படத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். எட்டுக் கேள்வியில் ஐந்துக்குப் படம் இருந்தது.

அதற்காக அந்த அதிகாரி நல்லவன் ஆகிவிட மாட்டான். ஆனால் என் தாளுக்குச் சரியான மதிப்பெண்தான் போட்டிருக்கிறான். இதை உன் அத்தையிடம் சொல்லிவிடாதே.

நீ அழுத காரணத்தை உன் புருஷன் சொன்னான். பயிற்சி வகுப்பில் நீ பிள்ளைகளுக்கு விரல் வைத்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததை உன் வழிகாட்டி ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அறிவியல் நடத்த வந்தீங்களா, வாசிக்கக் கத்துக்கொடுக்க வந்தீங்களா? அதுக்கு மொழி டீச்சர் இருக்காங்க" என்றாராம். பாடம் பாதியில் நின்றது உன் தப்பு. கடிகாரத்தைப் பார்த்து நடத்து. மற்றது அவர் தப்பு. எனக்கு மொழி நன்றாகவே வரும். மொழி டீச்சர் எவரும் பாய்லர் படத்தைப் பார்க்கச் சொல்ல மாட்டார். பாய்லரைச் சொல்லிக் கொடுத்தவர்தான் சொல்லியிருக்க வேண்டும். இவனுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே என்று அவர் விட்டுவிட்டார். இதை அந்த அம்மாவிடம் எடுத்துச் சொல். மரியாதையாகச் சொல், என்னைப் போல் சொல்லாதே.

நேற்று பழைய ஆலைக்குப் போயிருந்தேன். லைசென்ஸுக்குப் படிக்கிற மூன்று பேர் சாப்பாட்டுக் கூடத்தில் புத்தகத்தோடு இருந்தார்கள். விரல் வைக்கிற வேலையைச் செய்து காட்டினேன். "பெரியவரே, இதை எங்க பிடிச்சீங்க?" என்று அவர்களில் ஒரு ஃபிட்டர் கேட்டான். "என் மருமக டீச்சர்" என்றேன். இன்னும் ஆகவில்லை என்று சொல்லவில்லை. இந்த வயதில் என்னைப் பொய்யனாக்காதே.

வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று முதலில் எழுதினேன். குட்டி திறந்துவிடுவாள் என்பதால் அந்த வரியை அடித்துவிட்டேன். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ திங்கட்கிழமை அதே வகுப்புக்குப் போ. கடகடவென்று வாசித்துவிட்டு, புரிந்தது என்று தலையாட்டுகிற ஒரு பிள்ளை அங்கே இருக்கும். அதன் பக்கத்தில் போய் நில். அது கோபித்துக்கொள்ளும், விட்டுவிடாதே.

நீ புறப்பட்ட அன்று எல்லோரும் ஆசி சொன்னார்கள், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வரும்போது டீச்சராக வா.

இப்படிக்கு,
உன் மாமா