ஸ்கிரீனில் எண்பத்தொன்று

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து சாரல். வைப்பர் சரியாகத் துடைக்கவில்லை, ரப்பர் மாற்றணும். குற்றாலத்தில் பொருட்காட்சிக்கு ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்ப இழுத்து வந்தாச்சு. சீசன் கூட்டம். நாலு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், முழுக்க முதல் கியர். பிக்கப்புக்குப் பின்னால் ரெண்டு டன் ஜெனரேட்டர் வண்டி வருவதைப் பார்க்காமல் ஆட்டோக்காரர்கள் இடையில் நுழையப் பார்க்கிறார்கள்.

கிளம்பும்போது பிக்கப்பின் டாஷ்போர்டு ஸ்கிரீன், மிச்ச டீசலுக்கு இன்னும் 190 கி.மீ. ஓடும் என்றது. தென்காசியில் எங்கள் வாடகை ஜெனரேட்டர் கடைக்குத் திரும்பியபோது 128. ஓடியது இருபதுகூட இல்லை.

முதலாளி சுப்பையா அண்ணாச்சி கடை வாசலிலேயே நின்று ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். புது பிக்கப் வந்த ரெண்டு மாதமாக அவருக்கு அது சொல்வதுதான் வேதவாக்கு. எதிர்த்த டீக்கடையில் நாலு பேர் இருக்க, சத்தமாகவே கேட்டார்.

"மிச்ச டீசல் எங்க போச்சு வே?"

பாரமில்லாமல் சும்மா ஓடினதை வைத்து அது கணக்குப் போடுகிறது, பின்னால் பாரம் மாட்டினால் குறையத்தான் செய்யும் என்றேன். சிரித்தார். இந்த நோட்டைக் காட்டினேன். தனியாக ஓடினால் லிட்டருக்குப் பதிமூன்று, இழுத்தால் ஏழு, மலை ஏறினால் ஐந்துகூட வராது. தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

"உம்ம நோட்டு நீரு எழுதுனது. ஸ்கிரீனு கம்பெனிக்காரன் வச்சது."

சவூதியில் பதினாலு வருஷம் டிரெய்லர் ஓட்டினேன். அங்கே டிரிப் எழுதிய பழக்கம்தான் இந்த நோட்டு. ஒருத்தனும் என்னிடம் டீசல் எங்கே என்று கேட்டதில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கேட்காத மாதிரி இருந்தார்கள், அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டில் பாத்திமாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஜும்மா முடிந்து கடைக்குப் போனால் ஜெனரேட்டர் டேங்க் மூடியில் பூட்டு. மூடியில் கொக்கி வெல்டிங் வைத்து, புதுப் பூட்டு. சாவி அண்ணாச்சியின் அரைஞாணில்.

பிக்கப்பில் டீசல் குறைந்ததற்கு ஜெனரேட்டருக்குப் பூட்டு. திருடன் என்று முடிவு பண்ணியாச்சு, எங்கே பூட்டினால் என்ன. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலம் கெட்டுக் கெடக்கு, உமக்காக இல்ல" என்றார். அந்தக் கடையில் டிரைவர் நான் ஒருத்தன்தான்.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. பாத்திமா சோறு வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வேலையை விட்டுவிடுங்க, என் தம்பியிடம் வேறு வண்டி கேட்கலாம் என்றாள்.

"இப்ப விட்டா, ஆமா எடுத்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்."

சுகர் மாத்திரையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கும் அலுத்துவிட்டது.

வைப்பர் ரப்பர் மாற்றவில்லை.

ஜூலை 12, சனி

முழங்கால் வலி. நாளை மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் புனலூரில் கல்யாணம், ஜெனரேட்டர் கேட்டிருக்கிறார்கள். அண்ணாச்சியும் வருகிறாராம். "பக்கத்துல இருந்து நானே பாக்கேன்" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், ரெண்டு அடி தூரத்தில்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதி வைக்கணும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். செங்கோட்டையில் அண்ணாச்சி ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து, போக வரக் காணும் என்கிற அளவுக்கு டீசல் அடித்தார். அந்தப் பக்கம் விலை கூட. கேரளா வண்டிகளே மலை இறங்கி நம் பக்கத்து அடிவாரம் புளியரைக்கு வந்து அடித்துவிட்டுப் போகின்றன. தென்காசி வண்டி அங்கே போய் அடித்தால் மானக்கேடு என்று இங்கே எல்லா முதலாளிக்கும் எண்ணம்.

புனலூர் போய்ச் சேரும்போது ஸ்கிரீனில் 58. மண்டபத்தில் ஜெனரேட்டரைக் கழற்றி ஓட விட்டேன். நான் அதற்குக் காவல். அண்ணாச்சி பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தெரிந்தவர்களைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது 81. ஒரு சொட்டு அடிக்காமல் கூடியிருக்கிறது. மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

பாரம் இல்லாமல் மெதுவாக ஓட்டியதால் கூடிவிட்டது, ஜெனரேட்டரை மாட்டினால் இந்த எண் நிற்காது, பத்து லிட்டர் இங்கேயே அடிப்போம் என்றேன்.

"புளியரைக்கு நாப்பத்தஞ்சு கிலோமீட்டரு. எம்பத்தொண்ணு கெடக்கு. பெறவு என்னவே?"

நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லப் பிடிக்கவில்லை.

தென்மலையில் 44. ஏற்றம் தொடங்கியதும் 31. அப்புறம் 19. ஆரியங்காவு தாண்டியதும் எண்ணே இல்லை, வெறும் கோடு. உச்சியைத் தொட்டுவிட்டால் புளியரை வரை இறக்கம்தான். அதற்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இஞ்சின் இருமி நின்றது. நல்ல மழை. வண்டி உருளாமல் இருக்க எல்லாச் சக்கரத்துக்கும் கல் கொடுத்தேன். பின்னால் பஸ்காரன் ஹாரன்.

ஜெனரேட்டர் டேங்கில் எழுபது லிட்டராவது இருக்கும். அண்ணாச்சி அதைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினார்.

"தொறந்து கொஞ்சம் எடும்."

கையை நீட்டவில்லை. கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

"நான் தொட மாட்டேன் அண்ணாச்சி. பூட்டுனது நீங்க."

நனைந்துகொண்டே அவரே போய்த் திறந்தார். டீசலை உறிஞ்சி எடுக்க டியூப் இருக்கா என்று கேட்டார்.

"எங்கிட்ட டியூப் இருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

மேலே இருந்து இறங்கி வந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தி, எந்து பற்றி, என்ன ஆச்சு என்று மலையாளத்தில் கேட்டார். டீசல் தீர்ந்துவிட்டது என்றேன். ஜெனரேட்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே டியூப் எடுத்துக் கொடுத்தார்.

அண்ணாச்சி குனிந்து உறிஞ்சினார். முதலில் வெறும் காற்று. ரெண்டாவது தடவை வாய் நிறைய டீசல். துப்பி, ஓங்கரித்து, கல்யாணப் பாயசம் எல்லாம் ரோட்டில். அறுபத்திரண்டு வயசு. முதலில் எனக்கு நன்றாகத்தான் இருந்தது, பொய் எழுதக் கூடாது. அப்புறம் பாவமாக இருந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். டியூபை மட்டும் தொடவில்லை. தண்ணிக் கேனில் பத்து லிட்டர் பிடித்து அவரே பிக்கப்பில் ஊற்றினார்.

டீசல் லைனில் ஏறிய காற்றை எடுப்பது என் வேலை. கைப்பம்பை அமுக்கி அமுக்கி விரல் மரத்துவிட்டது. நாலாவது தடவை ஸ்டார்ட். ஸ்கிரீன் உடனே ஒரு எண் காட்டியது. அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

புளியரையில் வாய் கொப்பளித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஸ்கிரீனு பொய் சொல்லுது வே."

"பொய் சொல்லல அண்ணாச்சி. பின்னால என்ன கட்டியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீங்க எங்கிட்ட கேக்கல."

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

உடம்பெல்லாம் வலி. பகலில் தூங்கினேன். அண்ணாச்சி கடைக்கு வரவில்லை, வயிறு சரியில்லையாம். பாத்திமா முழுக் கதையும் கேட்டாள். டியூப் வந்த இடத்தில் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

வெயிலும் சாரலும் மாறி மாறி. நாளை இலஞ்சியில் கல்யாணம், காலை எட்டு மணிக்கு ஜெனரேட்டர் அங்கே இருக்கணும்.

அண்ணாச்சி மெலிந்து தெரிந்தார். சாவியை என் முன்னால் வைத்தார். எதிரே டீக்கடையில் அதே ஆட்கள்.

"இனி இது உம்மகிட்டயே இருக்கட்டும்."

எடுக்கவில்லை.

"சாவி எங்கிட்ட இருந்தா, நாளைக்கு குறையுறது எல்லாம் நான் எடுத்ததாத்தான் இருக்கும். பூட்ட எடுங்க."

எழுந்து போய் அவரே பூட்டைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெல்டிங் வைத்த கொக்கி மூடியில் அப்படியே இருக்கிறது. அதையும் எடுங்க என்று கேட்கத் தெம்பில்லை.

நாளைக்கு: வைப்பர் ரப்பர். மாத்திரை. கொக்கியை அறுக்க ஆக்ஸா பிளேடு ஒன்று.