கலக்காத மருந்து

மார்ச் 2, 1959, திங்கள்

நேற்று முதல் ஊர்த் தண்ணீரில் பல் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு கலப்பதாகப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். கலக்கவில்லை. கலக்கும் மிஷினுக்கு மில்வாக்கியிலிருந்து மோட்டார் இன்னும் வரவில்லை. மருந்து மூட்டைகள் பிரிக்காமல் நான் வேலை பார்க்கும் பம்பு வீட்டு மூலையில் கிடக்கின்றன. ஊர்த் தலைவர் ஹால்வர்சன் போனில், "ஏப்ரல் ஏழாந்தேதி ஓட்டெடுப்பு முடியட்டும்யா, எய்னார். மிஷினே ஓடலன்னு தெரிஞ்சா நம்மளக் கிழிச்சிருவாங்க. வாயைத் தொறக்காத" என்றார். சரி என்றேன். வாயைத் திறந்து பேச எனக்கு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 4

ஒரே நாளில் ஐந்து புகார். காப்பி கசக்கிறதாம். முடி கொட்டுகிறதாம். ஒருவர் வீட்டுத் தங்கமீன் செத்துப்போயிற்றாம். எல்லாவற்றையும் புகார்ப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 5

ரக்னா வந்தாள். கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. அவள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியதால்தான் கலக்கலாமா வேண்டாமா என்ற ஓட்டெடுப்பே வந்தது. ஜாடித் தண்ணீரை என் மேசையில் டக்கென்று வைத்தாள். விரல் கணுக்களெல்லாம் வீங்கியிருந்தன.

"பாருங்க. ஒண்ணாந்தேதியிலேருந்து பட்டன்கூடப் போட முடியல. பல்லுக்கு மருந்து வேணுங்கறவன் வாங்கிக்கட்டும். கேக்காம என் வாயில ஊத்த நீங்க யாரு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நாற்காலியை அடுப்பருகே இழுத்துப் போட்டேன். கசக்குது கசக்குது என்றபடியே இரண்டு கோப்பை காப்பி குடித்தாள்.

மார்ச் 12

தினமும் வருகிறாள். தினமும் ஒரு ஜாடி. எனக்குத் தெரிந்த குளோரின் சோதனையைச் செய்துகாட்டுகிறேன். நம்பாமல் உட்கார்ந்து அரை மணி நேரம் சண்டை போடுகிறாள். இன்று ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்தாள். "விரோதியா இருந்தாலும் வெறுங்கையோட வரக்கூடாதில்ல" என்றாள். இந்தப் பம்பு வீட்டுக்கு எனக்கென்று யாராவது எதையாவது கொண்டுவந்தது பத்தொன்பது வருடத்தில் இதுவே முதல் தடவை.

மார்ச் 13

மோட்டார் வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

மார்ச் 29, ஈஸ்டர்

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம். ரக்னா பேசப்போகிறாள். அதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் வீட்டுக்குப் போனேன். கூடம் நிறையப் பெண்கள், அட்டைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். "எதிரியே வாழ்த்துச் சொல்ல வந்துட்டாரு!" என்று சிரித்தாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்! வாழ்த்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கோழை.

ஏப்ரல் 2

எப்படி எழுதுவது?

"யார் வேணா வந்து பாத்துக்கங்க" என்று மேடையில் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். பல் டாக்டர் லிண்ட் எழுந்தார். முந்தாநாள் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு நாலு பல் பிடுங்கிய கோபம் அவருக்கு. "எய்னார், ஒண்ணாந்தேதியிலேருந்து எவ்வளவு கலக்குறீங்க? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பொய் வராது.

"இன்னும் கலக்கல."

கூரை அதிரச் சிரித்தார்கள். "கையை உள்ள வை, ரக்னா!" என்று ஒருவன் கத்தினான். அவள் கையை மெல்ல இறக்கினாள். கத்தியவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"தினமும் வந்தேனே, எய்னார்."

அந்த வலி நெஜம். வாதமோ வயசோ, என்னமோ ஒண்ணு, ஆனா நெஜம். எந்திரிச்சு அதச் சொல்லியிருக்கணும். ஏன்டா சொல்லல? சும்மா தொப்பியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஏப்ரல் 7

வேண்டும் 412, வேண்டாம் 268. பிள்ளைகளின் பல்லுக்கு நல்லது; நானும் வேண்டும் என்றுதான் போட்டேன். ஆனால் கேட்காமல் ஊற்ற நீங்கள் யார் என்றாளே, அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. சிரித்தே ஜெயித்துவிட்டோம்.

ஏப்ரல் 14

மோட்டார் வந்தது.

ஏப்ரல் 20

காலை எட்டு மணிக்கு நிஜமாகவே கலக்கத் தொடங்கினேன். நாள் முழுக்க ஒரு போன் இல்லை. யாருக்கும் எதுவும் கசக்கவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் ஊருக்கு வெளியே ஊற்றருகே ரக்னாவின் வண்டி நின்றது. தண்ணீர் பிடிக்க வந்திருக்கிறாள். கேனின் மூடி திருகு மூடி, அவள் விரலுக்குத் திறக்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கிக் கையை நீட்டினேன்.

"பரவாயில்ல. நீங்க போங்க" என்றாள்.

வண்டிக் கண்ணாடியில் அவள் மறையும்வரை பார்த்தேன்; அந்த மூடியைத் தொடாமலே நின்றாள்.