கருங்கையனின் கடைசிப் பக்கம்

லுணுகலை,
3.3.1968

அன்பின் ஜௌபருக்கு,

நலம். நீரும் பலீலாவும் பிள்ளைகளும் அவ்விதமே இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே ஐந்து நாளாக ஓயாத மழை. தோட்டத்தில் பாதிப் பேருக்கு இருமல். மருந்து கலந்து கலந்து எனக்கே தொண்டை கசக்கிறது.

நம் சித்திரக்கதையின் கடைசிப் பகுதியை இத்துடன் அனுப்புகிறேன். தேயிலை ஸ்டோரின் மாடியில் எட்டு மாதம் ஒளிந்திருந்த கருங்கையனுக்கு இந்த இதழோடு முடிவு. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டச் சனம் பந்தம் ஏந்தி வந்து ஸ்டோரைச் சூழ்கிறது. தீ வைக்கிறது. நம் பூதம் கூரையில் நின்று அலறி, எரிந்து விழுகிறது. நீர் பேனர் வரையும் தியேட்டரில் நாம் சேர்ந்து பார்த்த அந்தக் கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படங்களில் எந்தப் பூதமாவது பிழைத்ததுண்டா? தீக்கு இரண்டு பக்கம் முழுதாக ஒதுக்கும். வாசிக்கிறவன் சூடு பட்டதுபோலப் புத்தகத்தைக் கீழே போட வேண்டும்.

அன்பின்,
குமாரசிங்கம்


பதுளை,
17.3.1968

அன்பின் டாக்டர் அவர்களுக்கு,

இறைவன் கருணையால் எல்லோரும் சுகம். சின்னவள் ஸவாஹிரா நடக்கத் தொடங்கிவிட்டாள். நேற்று என் மைப் போத்தலுக்குள் கையை விட்டு, சுவரெல்லாம் அப்பிவிட்டாள். வீட்டிலும் ஒரு கருங்கையன்.

போன செவ்வாய்க்கிழமை மருந்து எடுக்கப் பதுளைக்கு வந்தீர்களாம். எங்கள் வாசலை மிதிக்காமலே பஸ் ஏறினீர்களாம். பலீலாவுக்கு அது பெரிய மனக்குறை. “டாக்டர் வரட்டும், நானே கேக்கிறேன்” என்கிறாள்.

படங்களைப் புஹாரி நானாவின் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்துக் கோபிக்காதீர்கள். வேறு மாதிரி வரையக் கை வரவில்லை.

தங்கள் அன்பை மறவாத,
ஜௌபர்


லுணுகலை,
7.4.1968

ஜௌபர்,

இதழ் கிடைத்தது. தீ எங்கே? பந்தங்கள் மழையில் நனைந்து தரையில் கிடக்கின்றன. கருங்கையன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையிறங்கிப் போகிறான். நான் எழுதிய ஒரு சொல்லும் இல்லை. மேலே என் பெயர் மட்டும் பெரிதாக நிற்கிறது.

கதை எழுதியவனிடம் ஒரு தபாலட்டை போட்டுக் கேட்டிருக்கலாம். இனி வேறு ஆளைத் தேடிக்கொள்ளும். நான் மருந்துச் சீட்டு எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதையாவது யாரும் மாற்றமாட்டார்கள்.

குமாரசிங்கம்


பதுளை,
12.4.1968

அன்பின் டாக்டர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது எல்லாம் நியாயம். கேட்டால் மறுப்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அதுதான் என் குற்றம்.

உங்களுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. நாம் பார்த்த கடைசிப் பூதப் படம் இங்கே இரண்டு வாரம் ஓடியது. நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு லுணுகலைக்குப் போய்விட்டீர்கள். நான் பேனருக்காக அந்த முகத்தை மனத்தில் பிடிக்க, பக்கத்துக் கதவோரம் நின்று ஒவ்வொரு காட்சியும் பார்த்தேன். நாளுக்கு மூன்று முறை அவன் எரிந்தான். எரியும் முன்னர் ஒருமுறை கூட்டத்தைத் திரும்பிப் பார்ப்பான். ‘என்ன செய்துவிட்டேன்?’ என்று கேட்பதுபோல் இருக்கும். சனம் அப்போதுதான் கைதட்டும். கருங்கையனுக்கு நான் கொடுத்தது அந்தக் கண்கள். என் கையாலேயே அவனைக் கொளுத்த முடியவில்லை.

வேண்டுமானால் அடுத்த இதழில் தீப் பக்கங்களை வரைந்து தருகிறேன். புஹாரி நானாவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கதை, உங்கள் முடிவு. ஒரு வரி எழுதுங்கள், போதும்.

ஜௌபர்


லுணுகலை,
2.6.1968

அன்பின் ஜௌபருக்கு,

ஏழு வாரம் உம்மைக் காக்க வைத்துவிட்டேன். பலமுறை பேனை எடுத்தேன். வீம்பு விடவில்லை.

வியாழக்கிழமை இராக்கம்மா என்ற கொழுந்தெடுக்கும் பெண் காலில் வெட்டுக்காயத்தோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள். கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“டாக்டர் ஐயா, அந்தக் கருங்கையன் எந்தப் பக்கமாங்க போனான்? எம் மக கதைய வாசிச்சுக் காட்டுச்சு. அதுல போடலியே.”

“மொனராகலைப் பக்கம் போயிருப்பான் எண்டு நினைக்கிறன்” என்றேன், வாயில் வந்ததை.

“அங்க வெயிலுங்களே! குளுருல கெடந்தவன் தாங்குவானா? கையப் பாத்தீங்களா, எங்க கை மாதிரியே கொழுந்துக் கறை. எங்க லயத்துக்கு வந்திருந்தா ரொட்டியும் தேத்தண்ணியும் குடுத்திருப்போம்ல.”

“பயமா இருக்காதோ?”

“பயந்தாங்க. அதுக்காகப் பசிச்சு வந்தவனத் தொரத்துவாங்களா?”

ஜௌபர், பந்தம் பிடித்து வந்தவர்கள் லயத்துச் சனம் என்று நான் எழுதினேன். பதினொரு வருடமாக அவர்களுக்குத்தான் மருந்து கொடுக்கிறேன். நீங்கள் இப்படிச் செய்வீர்களா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. படத்தில் பார்த்த ஊரைக் கொண்டுவந்து இந்தத் தோட்டத்தில் வைத்துவிட்டேன். உம்மிடம் நான் கோபித்ததும் அந்த ஊர்க்காரனாக நின்றுதான். மன்னித்துக்கொள்ளும். தீப் பக்கங்கள் வேண்டாம்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பலீலா கேட்பதையெல்லாம் கேட்கட்டும். பகல் சாப்பாடு உங்கள் வீட்டில்தான்.

நேற்று ஒரே ஒரு காட்சி எழுதினேன். மொனராகலை பஸ் நிலையம், உச்சிவெயில், கருங்கையன் இறங்கி நிற்கிறான், ஒருவரும் ஓடவில்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இம்முறை நீர் முதலில் வரையும். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நான் எழுதுகிறேன்.

என்றும் உம்முடைய,
குமாரசிங்கம்