மக்ரோன் ஓடுகள் ஏன் வெடிக்கின்றன

நாள் 112, காலை 07:10
நிலா நிலையம். எழுதுபவர் இம்மாக்குலேட் மச்சாடோ, வேதியியலாளர், வயது எழுபத்தொன்று. மற்ற மூவரும் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். மாற்றுக் குழு 118ஆம் நாள் வரும். அதுவரை நிலையம் என் பொறுப்பு. காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். வெப்பம் 22. கீரைப் படுகை நலம்.
வருகிறவர்களுக்காக மக்ரோன் சுட்டேன். தூத்துக்குடி முந்திரி மக்ரூன் அல்ல. பாதாம் மாவில் சுட்ட இரண்டு ஓடுகளுக்கு நடுவே கிரீம் வைக்கும் பிரெஞ்சுப் பலகாரம். பதினாறு ஓடுகளும் வெடித்துவிட்டன. சென்ற மாதம் இதே அளவில், இதே அடுப்பில் சரியாக வந்தது.

நாள் 113, காலை 09:40
மேல்தோல் காயாமல் அடுப்பில் வைத்தால் வெடிக்கும். ஐம்பது நிமிடம் காயவைத்தேன். விரலில் ஒட்டவில்லை. வெடித்தன.
தரைக் கட்டுப்பாட்டிலிருந்து செல்டன் கொறேரா: “என்ன மேடம், இன்னைக்கும் போச்சா? எங்க அம்மாட்ட கேட்டுச் சொல்லவா?”
அவன் அம்மாவுக்குச் சமைக்கத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பதில் அனுப்பினேன்.

நாள் 114, காலை 10:15
ஒரு சோதனையில் இரண்டை மாற்றினால் கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் நோட்டைத் திருப்பி எறிவார். எனவே ஒவ்வொன்றாக. முதல் தட்டு: அடுப்புக்குள் தனி வெப்பமானி. 150, சரி. வெடித்தன. இரண்டாம் தட்டு: வெள்ளைக்கருவைக் குறைவாக அடித்தேன். வெடித்தன. உள்ளேயும் பொந்து.
செல்டன்: “கோச்சுக்காதீங்க மேடம். இந்த வயசுல கை ஒரு கிராம் அங்கிட்டு இங்கிட்டு ஆடும்லா.”
என் கை ஆடுவதில்லை.

நாள் 115, காலை 08:05
மாவு, சர்க்கரை, அடுப்பு, கை எல்லாம் சரி. மிச்சம் இருப்பது காற்று. அழுத்தம் குறைந்தால் ஓட்டுக்குள் நீராவி அதிகம் விரியும். தண்ணீரும் நூறு டிகிரிக்கு முன்பே கொதிக்கும். கொதிக்கவைத்துப் பார்த்தேன். 91 டிகிரியில் கொதித்தது. அப்படியானால் அழுத்தம் 73. அழுத்தமானி 101 என்கிறது.
செல்டன்: “ரெண்டு மானியும் நூத்தியொண்ணுதான் காட்டுது மேடம். உங்க தெர்மாமீட்டர்தான் மக்கர். கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க.”
இரண்டு மானிகளும் ஒரே குழாயில் இருக்கின்றன. குழாய் அடைத்திருந்தால் இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லும். கேட்பாரில்லை.

11:30
விசிறிகளை நிறுத்திவிட்டு ஐசிங் சர்க்கரையைக் காற்றில் சலித்தேன். தூள் நேராக விழவில்லை. கப்பல் இணையும் கதவின் அடிவிளிம்பை நோக்கிச் சாய்ந்தது. கசிவு அங்கே. பசை பூசினேன். நிற்கவில்லை.

நாள் 116, பிற்பகல் 14:00
கொதிநிலை 87.
பத்து நாட்களாக ஏணி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அதை இந்தக் குறிப்பில் எழுதவில்லை. வயது என்று திருப்பி அழைத்துவிடுவார்கள். என் கணவர் போனபின் எனக்கென்று இருந்தது இந்த வேலைதான். அன்றே எழுதியிருந்தால் இத்தனை தட்டு மாவு தேவைப்பட்டிருக்காது. இப்போது அனுப்பிவிட்டேன்.
செல்டன்: “இத ஏன் மேடம் முதல்லயே சொல்லல? கப்பல இப்பவே கிளப்புறோம். முப்பது மணி நேரம். தாங்கிருவீங்கல்லா?”

நாள் 117, காலை 11:00
கொதிநிலை 80. கப்பல் வர ஒன்பது மணி நேரம். விண்வெளி உடுப்பில் காற்று ஆறு மணி நேரத்துக்குத்தான். முதல் மூன்று மணி நேரம் உடுப்பில்லாமல் இருக்க வேண்டும். தலை வலிக்கிறது. சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. மாவு கொஞ்சம் மிச்சம்.

13:40
கொதிநிலை 74. சூட்டை 120க்குக் குறைத்தேன். பதினாறு ஓடு. ஒன்றும் வெடிக்கவில்லை.
மானி 101.
கிரீம் வைக்கும்போது கை ஆடியது. இதையும் எழுதிவிட்டேன்.
இருபது நிமிடம் முன்னதாகவே உடுப்பு போட்டுக்

தலைக்கவசத்தின் கொக்கி மாட்ட