கூடைக்குள் இருந்த பருந்து

டிசம்பர் 9, 1998. புதன்.

தங்கள் நாட்டில் அற்றுப்போன மீன்பிடிப் பருந்தை வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வளர்த்து, முதுகில் சிக்னல் பெட்டி கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று மேட்டுப்பாளையம் வரை வந்து, நேற்றிலிருந்து ஒரே இடத்தில் நின்றுவிட்டதாகப் பறவை ஆய்வாளர் மோகனுக்கு அவர்களிடமிருந்து போன் வந்திருக்கிறது. காலையில் அவருடன் தேடிப் போனேன்.

ஆற்றோரத் தோட்டத்தில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. சுற்றிலும் போலீஸ். மீன் வலையில் சிக்கிக் கிடந்த பருந்தைப் பார்த்தவர் தோட்டக்காரர் பழனிச்சாமி. பெட்டியையும் ஒயரையும் கண்டு வெடிகுண்டு என்று பயந்து, கூடையைக் கவிழ்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார்.

"வெறும் சிக்னல் பெட்டிங்க சார். வெயில்ல செத்துப்போயிருமுங்க" என்றார் மோகன்.

"பிப்ரவரியில கோயமுத்தூர்ல பை வெச்சவனும் வெறும் பைன்னுதானுங்க சொல்லியிருப்பான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

குண்டுகள் வெடித்த அன்று செய்தி சேகரிக்க அந்தத் தெருக்களில் நடந்தவன் நான்.

வெடிகுண்டு நிபுணர்கள் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. அதற்கு வெகுநேரம் முன்பே கூடைக்குள் சிறகடிப்பு நின்றிருந்தது.

"தண்ணியாச்சும் வெச்சிருப்பனுங்க, கிட்டவே உடலீங்களே. பேப்பர்ல எம்பேரைப் போட்றாதீங்க சாமி" என்று பழனிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

பெட்டி இப்போது ஸ்டேஷனில் இருக்கிறது. அங்கிருந்தும் சிக்னல் போய்க்கொண்டிருக்கும். பறவை உயிரோடிருப்பதாகவே அதை அனுப்பியவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் போனில் என்ன சொல்வது என்று திரும்பும்போது பஸ்ஸில் மோகன் கேட்டார். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியும் எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.