அலமாரிக் கதவில் வந்த முகம்

வெள்ளிக்கிழமை.

லேபர் கேம்ப் நடத்தும் முருகேசன் அண்ணாச்சி கல்யாண நாளுக்காக அலமாரிக் கதவைக் கழற்றி என் பிரிண்டிங் கடைக்குக் கொண்டுவந்தார். போனில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, மனைவியின் முகத்தைக் கதவு நிறைய அச்சிடச் சொன்னார். மரப்பலகையிலும் நேரே அச்சிடும் யூவி பிரிண்டரில் படம் பளிச்சென்று விழுந்தது.

மாலையில் அவர் தன் மனைவியை, எங்கள் மயினியை, அழைத்து வந்து காட்டினார்.

"இவ என் தங்கச்சில்லா!" என்றார் மயினி.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தின்னர் போட்டு அழிச்சிரலாமாடே?"

"மை இறுகிட்டு அண்ணாச்சி. சுரண்டுனா கதவு பாழாயிரும்."

மயினி அழப்போகிறார் என்று பயந்தேன்.

"தம்பி, இன்னொரு கதவு இருக்கு. அதுல என்னையப் பெருசாப் போடு. படத்த நான் தாரேன்."

அண்ணாச்சி படத்தைத் தன் பக்கம் திருப்பிக் கதவைத் தூக்கினார்.

"வெளிய திருப்புங்க," என்றார் மயினி. "தெரு பூரா பாக்கட்டும்."