புதுக்கோட்டை ஸ்டுடியோவில் நாலாவது பாட்டு

ஜூலை 5, சனி

ஆபீஸ் இன்று அரை நாள்தான். மதியம் என் வீட்டுக்காரர் அபிலாஷ் கடையை அடைத்துவிட்டு பைக்கை எடுத்தார். டவுனில் புதிதாகத் திறந்திருக்கிற ஸ்டுடியோவுக்குப் போனோம். நான் எழுதி மெட்டுப் போட்ட நாலு பாட்டையும் என் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிற ஆசை. எந்த இடத்தில் என்பதுதான் முடிவாகவில்லை.

கண்ணாடிச் சுவர், கலர் விளக்கு, நடுங்கவைக்கும் ஏசி. "சும்மா பாடுங்க மேடம், மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் அங்கிருந்தவர். பாடினேன். கம்ப்யூட்டரில் என்னவோ செய்துவிட்டுப் போட்டுக் காட்டினார். அபிலாஷ் எழுந்தே நின்றுவிட்டார். "ஏளா, நீயா இது!"

எனக்கும் அதே கேள்விதான். நானா இது?

ஜூலை 13, ஞாயிறு

டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் பிரேமா என்பவர் வீட்டு மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். சின்ன அறை, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. பிரேமாவுக்கு என் வயதுதான் இருக்கும். மைக்கைத் தொடவே இல்லை. முதலில் நாலு பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அப்புறம் முதல் பாட்டைப் பதிவு செய்தார். "மூச்சு வாங்குதத மறைக்கப் பாக்கீங்க. நல்லா வாங்குங்க, அது பாட்டுக்கு அழகுதான்." எதையும் திருத்தாமல் போட்டுக் காட்டினார். லேசான கரகரப்பு, மூச்சு, எல்லாம் இருந்தது. என் குரல்! எப்படிக் கேட்கிறார் இந்த மனுஷி! இங்கேதான் என்று மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

கிளம்பும்போது சொன்னார்: "மூணு பாட்டு உங்களுக்கு. நாலாவது உங்க குரலுக்கு எட்டல. சுருதியக் கொறச்சா பாட்டு செத்துருது. யார நெனச்சு மெட்டுப் போட்டீங்க?"

"யாரையும் இல்ல" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

கோவம் கோவமா வருது. நாலாவதுதான் எனக்கு உசுரு. அதப் போயி எனக்கு எட்டலங்காவ! டவுன் ஸ்டுடியோவுக்கே போயிருவோம்னு அபிலாஷ்ட்ட சொல்லிட்டேன். அங்க மெஷினே எட்டவச்சிரும்லா.

ஜூலை 16, புதன்

பக்கத்து மேஜை நுஸ்ரத், காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், கன்டெய்னர் பில் அடித்துக்கொண்டே எதையோ பாடினாள். குரல் மேலே போய் ஒரு சிரமமும் இல்லாமல் அங்கேயே நின்றது.

என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தக் குரலைத் தினமும் கேட்டுக்கொண்டேதானே அந்த மெட்டைப் போட்டிருக்கிறேன்? எனக்கே தெரியாதது பிரேமாவுக்கு எப்படித் தெரிந்தது?

அவளையே பாடச் சொல்லிக் கேட்கவா? கேட்டால் பாட்டு என் கையை விட்டுப் போய்விடும் —

ஜூலை 22, செவ்வாய்

கேட்டுவிட்டேன். "என்னக்கா, வெளையாடுதீங்களா?" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "நெசமாவா?"

ஜூலை 24, வியாழன்

துபாயில் இருக்கிற வீட்டுக்காரரிடம் பேசினாளாம். வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன். "அவங்க ஒண்ணுதான்க்கா கேட்டாங்க, பாட்டுல ஒன் பேரப் போடுவாங்களான்னு. போடுவீங்கல்லா?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. நுஸ்ரத்தைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். ஹெட்போனை மாட்டியதும் அவளுக்குப் பாட வரவில்லை. பாதியிலேயே நின்றாள், திரும்பவும் நின்றாள். பிரேமா முகம் சுளிக்கவில்லை. ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னார். "மைக்க மறந்துரு. அக்காவப் பாத்துப் பாடு."

என்னைப் பார்த்துப் பாடினாள். நான் திணறுகிற இடத்தில் அவள் ஏறினதே தெரியவில்லை. மெட்டுப் போட்ட எனக்கே புதுப் பாட்டு மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். பொறாமை இல்லையா? இருக்கு. ஆனாலும் இன்னொரு தடவை பாடமாட்டாளா என்றுதான் இருந்தது. பிரேமா என் பக்கம் திரும்பவில்லை. டிஷ்யூ பெட்டியை மட்டும் நகர்த்தி வைத்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் ஆர்மோனியத்தை எடுத்தேன். புதுசாக ஒரு பல்லவி வந்திருக்கிறது. வழக்கமான சுருதியில் விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். சுருதியை ஒரு கட்டை கூட்டி வைத்துக்கொண்டு, நுஸ்ரத்துக்கு போன் போட்டேன்.